ஒட்டுக்குக் கீழே முளைத்தது

மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றி, தொழுவுரம் போட்டு, ஆடிக் காற்றுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து வளர்த்த என் பம்பளிமாஸ் மரத்தில் 2021 ஆவணியில் முதல் காய் பழுத்தது. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரியது. மஞ்சள் தோல் முழுவதும் மேடும் பள்ளமும். பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சரம்மா, பம்பளிமாஸ் என்று சொன்னீர்கள், பிள்ளை இப்படி மெலிந்து பிறந்திருக்கிறதே” என்றார். கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைப் பம்பளிமாஸ் என்று கொஞ்சுகிற ஊரில் இதைவிட நறுக்கென்று கேலி செய்ய முடியாது.

அறுத்துப் பார்த்தோம். ஒரே புளிப்பு, நிறைய விதை. ஊறுகாய் போட்டேன். ஊறுகாய் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மரம் பம்பளிமாஸே இல்லை என்று எனக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது. தெரிந்த பிறகு வந்த வெட்கம் ஊறுகாய் தீர்ந்த பிறகும் தீரவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடை தவறு என்றால் எந்த வரியில் தவறியது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்வேன். என் தோட்டத்தில் அந்த வரி 2008இலேயே தொடங்கியிருந்தது.

நான் பிறந்தது கடையம். வாக்கப்பட்டு வந்தது கல்லிடைக்குறிச்சி. 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு பிறந்த வீடு ஒரு மாவட்டம், புகுந்த வீடு ஒரு மாவட்டம் என்று ஆகிவிட்டது. கேட்டால் இரண்டையும் திருநெல்வேலி என்றுதான் இன்னும் சொல்கிறேன். கடையம் எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 எலுமிச்சைகூடக் கடையம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். எங்கள் அப்பாவின் தோட்டத்தில் நல்ல காய்ப்பு மரமாகப் பார்த்துப் பழம் எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டி, பாத்தியில் ஊன்றுவார்கள். தாய் எப்படியோ பிள்ளை அப்படி. ஒட்டு என்ற பேச்சே கிடையாது. அந்தக் கண்ணோடுதான் நான் வளர்ந்தேன்.

அதனால் 2008இல் ஒருவர் வீட்டில் சாப்பிட்ட சிவப்புச் சுளைப் பம்பளிமாஸ் வாயிலேயே நின்றபோது, யோசிக்காமல் விதையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன். புறவாசலில் கிணற்றுக்குத் தெற்கே ஊன்றினேன். முளைத்தது, முள்ளும் தானுமாக வளர்ந்தது, 2017இல்தான் காய்த்தது. ஒன்பது ஆண்டு. நான் அந்த விதை போட்டபோது ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். காய் என்னவோ பெரியதுதான். அறுத்தால் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு, நடுவில் வெளிறிய சுளை, வாயில் போட்டால் கசப்பு நாக்கின் அடிவரை இறங்கியது.

காரணம் இப்போது தெரியும். எலுமிச்சை விதையை ஈரத் துணியில் கட்டிவைத்துப் பாருங்கள். பல விதைகளில் ஒன்றுக்கு இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தம் சேர்ந்து உண்டானவை அல்ல. தாயின் திசுவிலிருந்தே கிளம்பியவை. அதனால்தான் தாயை அச்சடித்தாற்போல இருக்கின்றன. பம்பளிமாஸ் விதையில் ஒரே முளைதான் வரும். அது ஆணும் பெண்ணும் கலந்து பிறந்த பிள்ளை. தாயின் இனிப்பு வரலாம், யாரோ ஒரு தகப்பனின் கசப்பும் வரலாம். எலுமிச்சைக்குச் சரியாக இருந்த வழக்கத்தை அதன் பெரியப்பா முறையானவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் இப்படித்தான். பெரியப்பா என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. சீதளைக் குடும்பத்தில், அதாவது எலுமிச்சை, ஆரஞ்சு, நார்த்தை எல்லாம் சேர்ந்த சிட்ரஸ் குடும்பத்தில், மூத்த தலைக்கட்டுகளில் ஒன்று பம்பளிமாஸ். நாம் குடிக்கிற சாத்துக்குடி, ஆரஞ்சு எல்லாவற்றிலும் பம்பளிமாஸ் ரத்தம் ஓடுகிறது.

விதை மரத்தை 2018இல் வெட்டினேன். அதையும் அவசரப்பட்டுச் செய்துவிட்டேன் என்பது பின்னால் தெரிந்தது. அந்த இடத்துக்கு வருகிறேன்.

அதே ஆண்டு ஐப்பசியில் ஒரு நர்சரியில் இரண்டு ஒட்டுக் கன்றுகள் வாங்கினேன். ஒன்று 180 ரூபாய். இடுப்புயரம், பளபளவென்ற இலை, அடித்தண்டில் சாண் உயரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. “இந்த நாடாவை எப்போது எடுக்க வேண்டும்?” என்று கேட்டேன். “அது தானாக விழுந்துவிடும்மா” என்றார்கள். நானும் நம்பினேன். பிளாஸ்டிக் எந்தக் காலத்தில் தானாக விழுந்திருக்கிறது?

அடுத்த ஆண்டு ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியாதவர்கள் ஜூலையில் ஒரு நாள் வந்து நின்று பார்க்கலாம். ஒரு காலை புறவாசல் கதவைத் திறந்தால், கிணற்றோரக் கன்றின் தலை தரையில் கிடந்தது. முறிந்த இடம் சரியாக ஒட்டுக்கட்டு. குனிந்து பார்த்தேன். நாடா பட்டைக்குள் புதைந்து, நூல் கட்டிய விரல் போல மேலும் கீழும் தண்டு பிதுங்கியிருந்தது. நடுவில் பென்சில் கனம்கூட இல்லை. உடனே ஓடிப்போய் மற்றக் கன்றின் நாடாவைப் பிளேடால் கீறினேன். அதில் பள்ளம் விழத் தொடங்கியிருந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டது. ஒட்டுப் பிடித்துத் துளிர் வளரத் தொடங்கியதும், ஒட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நாடாவை நீளவாக்கில் ஒரு கீறு கீறிவிட வேண்டும். வாங்கி வருகிற கன்றில் நாடா இருந்தால், நடுகிற அன்றே கீறிவிடுங்கள்.

முறிந்த கன்றைப் பிடுங்கிப் போட மனம் வரவில்லை. பத்து நாளில் அடித்தண்டிலிருந்து ஒரு துளிர் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். “உயிர் கெட்டி, மீண்டும் தழைத்துவிட்டது” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அந்தத் துளிர் வளர்ந்த வேகம் இருக்கிறதே! பக்கத்தில் உருப்படியாக இருந்த ஒட்டு முழங்கை அளவு வளர்வதற்குள் இது ஆள் உயரம் போய்விட்டது. இதற்குத்தான் கூடுதல் தண்ணீர், கூடுதல் எரு எல்லாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று நினைத்து நான் தனிக் கவனம் காட்டியது வேறு வீட்டுப் பிள்ளைக்கு.

ஒட்டுக் கன்று என்பது இரண்டு மரம். மேலே நமக்குப் பழம் தருகிற மரம். கீழே வேர் தருகிற மரம். நம் ஊர் நர்சரிகளில் சீதளை வகைகளுக்குக் கீழ்மரமாகப் பெரும்பாலும் வைப்பது ரஃப் லெமன் என்கிற கரட்டுத் தோல் எலுமிச்சை. அதன் வேர் முரட்டு வேர். மேலே இருப்பவரைத் தாங்கும், ஆனால் சந்து கிடைத்தால் தானே தலையெடுக்கப் பார்க்கும். மேலே உள்ள தண்டு முறிந்தாலோ, வெயிலில் காய்ந்தாலோ, ஏன், சும்மா இருக்கும்போதுகூட, ஒட்டுக்குக் கீழே துளிர் விடும். அதை விட்டால் மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும். என் கன்றில் மேலே யாருமே இல்லாததால் வீடே அதனுடையதாகிவிட்டது.

இதை எனக்குக் காட்டியவர் ஒட்டுக்கட்டுகிற ஓர் அண்ணாச்சி. செங்கோட்டைப் பக்கத்து நர்சரிகளில் முப்பது ஆண்டு மாவும் சப்போட்டாவும் கட்டியவர். கடையத்தில் என் தம்பிக்குப் பழக்கம். ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டுப் புறவாசலுக்கு வந்தவர் காயைப் பார்க்கவே இல்லை. இரண்டு மரத்திலிருந்தும் ஓர் இலை கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

“காம்பைப் பாருங்கள் டீச்சர்.”

பம்பளிமாஸ் இலையின் காம்பு வெறும் காம்பு அல்ல. இருபுறமும் அகன்று, தலைகீழாய் வைத்த சிறு இதயம் போல இன்னோர் இலையாகவே இருந்தது. பெரிய இலைக்கு அடியில் ஒரு குட்டி இலையை முடிந்துவைத்த மாதிரி. தடவினால் இளங்குருத்தில் மெல்லிய பூனைமயிர். மற்ற இலையில் காம்பு ஈர்க்குச்சி போல ஒல்லியாக இருந்தது, சிறகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கசக்கினால் வாசனையும் வேறு. மூன்று ஆண்டு தினமும் காலை இந்த இலைகளுக்கு நடுவில் நின்று காப்பி குடித்திருக்கிறேன். ஒரு நாள்கூடக் காம்பைப் பார்க்கவில்லை.

கன்று வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இலைக்காம்பில் அகலமான சிறகு இருக்க வேண்டும். அது ஒட்டுக்கு மேலே உள்ள இலையாகவும் இருக்க வேண்டும். கீழே துளிர் இருந்தால் அந்தக் கன்று வேண்டாம். உயரம் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய கன்று சின்னப் பையில் இருந்தால் வேர் உள்ளுக்குள்ளேயே முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மரம் நட்ட பிறகும் மண்ணில் ஊன்றாது. கீழே வருகிற துளிரைப் பிஞ்சிலேயே விரலால் பிய்த்து எறிய வேண்டும். கத்தரித்தால் அடியில் உள்ள கணுக்கள் தங்கி, ஒன்று நான்காகும். இதைக் கத்தரிக்கோல் பிரியரான என் வீட்டுக்காரருக்கு விளங்க வைக்க எனக்கு ஒரு பருவம் ஆயிற்று.

அண்ணாச்சி அந்த மரத்தை வெட்டச் சொல்லவில்லை. “இவ்வளவு நல்ல வேர். ஏன் வீணாக்க வேண்டும்? மேலே வேறு பம்பளிமாஸ் கட்டிவிடுவோம்” என்றார். பக்கத்தில் இருக்கிற மரத்திலிருந்தே கண், அதாவது துளிர் விடும் மொட்டு, எடுக்கலாமே என்றேன். “வேண்டாம். வேறு மரமாகப் பாருங்கள். பழத்தைத் தின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார். ஏன் வேறு மரம் என்று அப்போது அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் தெரிந்த வீட்டில் ஒரு மரம் இருந்தது. சிவந்த சுளை, கசப்பில்லை. தின்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

2022 தை மாதம், மழை ஓய்ந்து மரம் துளிர் ஓடத் தொடங்கிய நேரம். முதல் நாளே மரத்தின் தலையைக் கழித்து, நல்ல கிளைகள் இரண்டை மட்டும் நிறுத்திவைத்திருந்தோம். அம்பாசமுத்திரத்திலிருந்து அண்ணாச்சி கொண்டுவந்த குச்சிகளை ஈரத் துணியில் சுற்றி வாழை மட்டைக்குள் வைத்திருந்தார். குருத்தாகப் பட்டையாக இருக்கும் குச்சி ஆகாது. அதற்கு முந்தைய துளிரில் உருண்டு திரண்ட குச்சி வேண்டும். இலையை வெட்டி எறிந்து காம்பை மட்டும் விட்டிருந்தார். கிளையில் ஓர் அங்குலத்துக்கு நெடுக்காக ஒரு கீறல், அதன் தலையில் குறுக்காக ஒரு கீறல். கத்தியின் மறுமுனையால் பட்டையை நெம்பினார். சாறு ஓடுகிற பருவம் என்பதால் பட்டை ஈரமாக வழுக்கித் திறந்தது. குச்சியிலிருந்து ஒரு கண்ணை, படகு போல மெல்லிய சீவலாகச் சீவி, காம்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே செருகினார். விரல் எதுவும் வெட்டுவாயில் படவில்லை. கண்ணை மட்டும் வெளியே விட்டு, மழைத்தண்ணீர் இறங்காதபடி கீழிருந்து மேலாக நாடா சுற்றினார். ஒரு கண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து கண் வைத்தார்.

“இருபது நாள் கழித்து அந்தக் காம்பை விரலால் தொடுங்கள். பட்டென்று விழுந்தால் பிடித்துவிட்டது. கருகி ஒட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டது.” இருபதாம் நாள் காலை தொட்டேன். மூன்று விழுந்தன, இரண்டு கருகியிருந்தன. தேர்வு முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி என் கை நடுங்கியதை வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். நாடாவை நானே கீறினேன்.

இதற்கிடையில் முறியாமல் தப்பிய ஒட்டு மரம் அதே 2022 மாசியில் முதல் தடவை பூத்தது. பம்பளிமாஸ் பூவின் வாசனையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை இல்லை. இரவில் அடுப்படி வரை வந்தது என்று மட்டும் சொல்லலாம். கொத்துக் கொத்தாகக் கெட்டி வெள்ளை இதழ். பத்து நாளில் எல்லாம் உதிர்ந்தன. ஒரு பிஞ்சு இல்லை. சீதளை மரங்களில் பூக்கிற பூவில் பெரும்பகுதி உதிரத்தான் செய்யும், நூற்றுக்கு இரண்டு மூன்று நின்றாலே காய்ப்பு. ஆனால் நூற்றுக்குச் சுழியம் என்றால் கணக்கில் வேறு ஏதோ இருக்கிறது.

அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன். “அதற்குத்தான் வேறு மரத்துக் கண் வேண்டும் என்றேன்” என்றார். பம்பளிமாஸில் பல வகைகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காதவை. சொந்தக் கோத்திரத்தில் சம்பந்தம் செய்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்திலிருந்து நூறு ஒட்டுக் கட்டினாலும் எல்லாம் ஒரே ஆள்தான். அதனால் ஒரே வகையில் இரண்டு கன்று வாங்கி நட்ட என் சாமர்த்தியமும் வீண். முறியாமல் இருந்திருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மலடாக நின்றிருக்கும்.

அப்படியானால் 2017இல் என் கசப்பு மரம் மட்டும் எப்படிக் காய்த்தது? தெற்கு வீட்டில் அப்போது ஒரு நார்த்தை மரம் இருந்தது. 2019இல் வீட்டை இழுத்துக் கட்டியபோது அதை எடுத்துவிட்டார்கள். தேனீக்கள் அங்கிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும். நார்த்தையும் போயிற்று, என் விதை மரத்தையும் நானே வெட்டினேன். கசப்பு மரமானாலும் பூவில் மகரந்தம் இருந்ததே! ஒரு கிளையையாவது விட்டுவைத்திருக்கலாம். பழம் சரியில்லை என்றால் மரத்தையே பயனற்றது என்று முடிவு கட்டியது டீச்சர் புத்தி.

2023 மாசியில் மரம் பூத்தபோது தம்பியின் எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து பூக்களை டிபன் டப்பாவில் ஈரத் துணி விரித்து வாங்கி வந்தேன். கடையத்திலிருந்து அம்பாசமுத்திரம் வந்து பஸ் மாறி வீடு வருவதற்குள் எந்தப் பூவும் வாடவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல், எலுமிச்சைப் பூவின் இதழ்களைப் பின்னால் மடக்கினால் நடுவில் மஞ்சள் தூள் பூத்த மகரந்தத் தாள்கள் தூரிகை மாதிரி நிற்கும். அதைக் கொண்டுபோய், அன்று விரிந்த பம்பளிமாஸ் பூவின் நடுவில் பிசுபிசுவென்று இருக்கும் உருண்டை முனையில் தடவ வேண்டும். அவ்வளவுதான். ஏணியில் ஏறி 24 பூவுக்குத் தடவி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினேன். 9 பூ பிஞ்சு பிடித்தது. நூல் கட்டாத பூ எல்லாம் போன ஆண்டு போலவே உதிர்ந்தது. இப்படித் தடவிப் பிடித்த காயில் விதை நிறைய இருக்கும் என்பது ஒரு குறை. விதை இல்லாத வெறும் பூவைவிட விதையுள்ள பழம் மேல்.

ஒன்பதையும் விட்டுவைக்கவில்லை. ஐந்து வயது மரம் ஒன்பது பம்பளிமாஸைத் தாங்காது, கிளை பிளந்துவிடும். நெல்லிக்காய் அளவில் ஐந்தைக் கிள்ளினேன். வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. மீதி நான்கும் ஐப்பசியில் பறித்தபோது ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோவுக்கு மேல்.

பறிக்கும் பக்குவம் பற்றி ஒரு சொல். பூத்து எட்டு மாதமாவது ஆக வேண்டும். கரும்பச்சை வெளிறி மஞ்சள் ஓடும். தோலில் உள்ள எண்ணெய்ப் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தெரியும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். பறித்த அன்றே வெட்டாமல், பத்து நாள் அறையில் உருட்டிவைத்தால் தோல் லேசாகச் சுருங்கி, சுளையின் காரமான புளிப்பு அடங்கும்.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. இரண்டு நாள் வானம் உடைந்து ஊற்றியது. தாமிரபரணி கரை மறந்து ஓடியது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, புறவாசலில் முழங்கால் அளவு நின்றது, வடிய மூன்று நாள். கடையத்துச் செம்மண்ணாக இருந்தால் மறுநாளே உலர்ந்திருக்கும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைந்து பழகிய எங்கள் மண் தண்ணீரை எளிதில் விடாது. நெல்லுக்கு அது வரம், சீதளை மரத்துக்கு எமன்.

தை பிறந்ததும், முறியாமல் தப்பிய அந்த ஒட்டு மரத்தின் அடித்தண்டில் தேன் நிறத்தில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. விரலால் அழுத்தினால் பட்டை மெத்தென்று உள்ளே போனது, புளித்த வாடை வந்தது. மண்ணில் ஈரம் தேங்கும்போது வருகிற அழுகல் இது. எலுமிச்சைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த எதிரி. வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது, பாதிக் குற்றம் என்னுடையது. ஆண்டுக்கு இரண்டு தடவை எருவைத் தண்டோடு சேர்த்துக் குவித்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றிவந்தேன். குழி தோண்டி நட்ட கன்று மண் அமர்ந்ததும் அரையடி இறங்கியிருந்தது. சாண் உயரத்தில் இருக்க வேண்டிய ஒட்டு தரையோடு தரையாகிவிட்டது.

எருவை எல்லாம் விலக்கி, கூரான கத்தியால் அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும் வரை சுரண்டினேன். சுரண்டியதைக் கூட்டி எடுத்து எரித்தேன். பிறகு அழுகலைத் தடுக்கப் பூசும் போர்டோ பசை. தோட்டக்காரர்கள் கணக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். வீட்டுக்கு ஒரு லிட்டர் போதும், இரண்டிலும் 100 கிராம். பாதித் தண்ணீரில் மயில்துத்தத்தையும் பாதித் தண்ணீரில் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் மெல்லச் சேர்த்துக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. சரியாக வந்ததா என்று பார்க்க ஓர் ஆணியை முக்கிப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. வானத்து நீலத்தில் குழைந்த பசையைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் தண்டைச் சுற்றிப் பூசினேன். ஆச்சி பார்த்துவிட்டு, “கலியாணமா டீச்சரம்மா, தூணுக்கெல்லாம் வண்ணம் அடிக்கிறீர்கள்” என்றார். மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இரண்டு தடவை இப்போது தவறாமல் பூசுகிறேன். மரம் பிழைத்தது. அந்தப் பக்கத்துக் கிளை ஒன்று மட்டும் காய்ந்து போயிற்று.

இன்று நட்டால் எங்கள் ஊர் மண்ணில் குழிக்குள் நட மாட்டேன். இரண்டரை அடிக் குழி எடுத்து, மண், மக்கிய எரு, வேப்பம் பிண்ணாக்கு கலந்து மூடி, இரண்டு மழை பார்த்து மண் அமர்ந்த பிறகு, அதன்மேல் ஒன்றரை அடிக்கு மேடு கட்டி, மேட்டின் உச்சியில் நடுவேன். தண்ணீர் இரட்டை வட்டமாக: தண்டைச் சுற்றி உள்வட்டத்தில் மண் அணைத்து உலர்வாக, வெளிவட்டத்தில் மட்டும் தண்ணீர். நிழல் விழுகிற எல்லைக்குப் பக்கத்தில்தான் குடிக்கிற வேர் இருக்கிறது. தண்டுக்கு வாய் கிடையாது.

பூச்சிகளைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். இளந்துளிரில் வெள்ளிக் கோடு கிறுக்கி இலையைச் சுருட்டும் புழுவுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறேன், துளிர் விடும்போது மட்டும். கறிவேப்பிலையை மரத்துக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டேன். சீதளை மரத்துத் துளிரை உறிஞ்சி நோய் பரப்பும் சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். இலையில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விட்டால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னக் கன்றை இரண்டு நாளில் மொட்டையடிக்கும், பொறுக்கி எறிய வேண்டும். பெரிய மரத்தில் நான் சிலவற்றை விட்டுவிடுவேன். நீலப் பொட்டு வைத்த பெரிய கருப்பு வண்ணத்துப்பூச்சி புறவாசலில் பறக்கிறது என்றால் பத்து இலை கொடுக்கலாம்.

வீட்டுக்காரர் சர்க்கரைக்கு நல்லது என்று வேம்பில் சீந்தில் கொடி ஏற்றிவிட்டிருந்தார். இரவில் வந்து பழத்தில் ஊசித்துளை போட்டுச் சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் புழு வளர்வது சீந்தில் இலையில்தான் என்று அண்ணாச்சி சொன்னபோது, எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கொடி போகவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு காய்க்கும் பை தைத்துக் கட்டினேன், அதுவே உடன்படிக்கை.

ஒட்டுக் கட்டிய முரட்டு மரம் 2025 தையில் பூத்தது. அதன் பூவும் முறியாமல் தப்பிய மரத்தின் பூவும் ஒரே வாரத்தில் விரிந்தன. டிபன் டப்பா தேவைப்படவில்லை, தேனீ பார்த்துக்கொண்டது. இரண்டு மரத்திலுமாக 23 காய். ஒட்டுக்குக் கீழே முரட்டு மரம் இன்னும் துளிர் விடுகிறது. காலைக் காப்பியோடு குனிந்து பிய்த்துவிடுகிறேன்.

பழம் வந்த பிறகு ஒரு சிக்கல். வீட்டுக்காரர் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பம்பளிமாஸில் உள்ள சில பொருள்கள் சில மாத்திரைகளை உடல் கரைக்கும் வேலையைத் தடுத்து, மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். கொலஸ்ட்ரால் மாத்திரைகளிலும் ரத்த அழுத்த மாத்திரைகளிலும் அப்படிச் சில உண்டு. டாக்டரிடம் கேட்டோம், வேண்டாம் என்றுவிட்டார். நீங்களும் சாப்பிடுகிற மாத்திரையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பதினேழு ஆண்டு தண்ணீர் இறைத்த மனிதருக்கு ஒரு சுளை கிடையாது.

ஆனால் உரிப்பது அவர்தான். மேல்தோலை நான்கு கீறலில் தாமரை மாதிரி விரித்து, பஞ்சைப் பிய்த்து, ஒவ்வொரு சுளையின் முதுகையும் நகத்தால் கீறி, கசப்பெல்லாம் இருக்கிற அந்தத் தடித்த சவ்வைக் கழற்றி, முத்து முத்தாக உள்ளே இருப்பதை உடையாமல் தட்டில் கவிழ்ப்பார். ஒரு பழத்துக்கு அரை மணி நேரம். என் பேரப்பிள்ளை கால் நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கடையத்துக்குத் தம்பிக்குக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். “பழம் தேன் மாதிரி இருந்தது அக்கா.”

“விதையை என்ன செய்தாய்?”

“கிணற்றுமேட்டில் போட்டுவிட்டேனே அக்கா. சாம்பல் புரட்டித்தான் போட்டேன்.”